பலகையில் உள்ள கலோரியும் கரண்டியில் உள்ள கலோரியும்

பிரான்சைஸ் (ஒரே பெயரில் பல கிளைகள் நடத்தும்) உணவகத்தின் பட்டியல் பலகையில் கலோரி போடுவதை, கணினி முன் உட்கார்ந்து ஒருவர் முடித்துக் கொடுக்கும் வேலை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸிலும் செந்தூலிலும் அடுப்படியில் நிற்பவர்களுக்குத் தெரியும், அந்த எண்ணைக் காப்பதும் கவிழ்ப்பதும் கரண்டிதான்.

அமெரிக்க விதியில் இதற்கு இடம் இருக்கிறது. ஒரே பெயரில் 20 அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் உள்ள கடைகளுக்குக் கலோரி போடுவது 2018 மே 7 முதல் கட்டாயம். 50 கலோரி வரை ஐந்தைந்தாக, அதற்கு மேல் பத்துப் பத்தாக எண்ணை முழுமையாக்க வேண்டும். 137 வந்தால் 140. சோடியம், சர்க்கரை, கொழுப்பு விவரங்களை வாடிக்கையாளர் கேட்டால் எழுத்தில் தர வேண்டும். அதிகாரிகள் கேட்டால் காட்ட இரண்டு கையெழுத்து வேண்டும். எண்கள் சரி என்று தலைமையகம் போடுவது ஒன்று. சமைக்கும் முறையும் பரிமாறும் அளவும் மாறாமல் பார்த்துக்கொள்கிறோம் என்று கிளைப் பொறுப்பாளர் போடுவது மற்றொன்று. அந்தச் சட்டம் கோலாலம்பூரைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் அந்த இரண்டாவது கையெழுத்தை இங்கேயும் நாம் போட்டதாகவே வைத்து வேலை செய்ய வேண்டும்.

தே தாரிக்கை, அதாவது கெட்டிப்பால் சேர்த்து இழுத்து ஆற்றும் தேநீரை, எடுத்துக்கொள்வோம். கெட்டிப்பால் (சர்க்கரை சேர்த்த டின் பால்) 100 கிராமில் சுமார் 325 கலோரி. செய்முறை அட்டையில் 40 கிராம் என்றால் பாலுக்கு மட்டும் 130. டின்னைச் சாய்த்து ஊற்றும் கை 60 கிராம் விட்டால் 195 ஆகிவிடும். அளவுக் கரண்டி ஒன்று வைத்தாலே இது சரியாகும். “அண்ணே, பால் கொஞ்சம் தூக்கலா” என்று வாடிக்கையாளரே கேட்டால் அது தனி. அமெரிக்க விதியும் அப்படிச் சொல்லிச் செய்வதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. கேட்காதவருக்கும் தூக்கலாகப் போவதுதான் தவறு.

கறி இன்னும் சிக்கல். தேங்காய்ப்பால் சேர்த்த குழம்பு நின்றால் எண்ணெய் மேலே பிரியும். மேலாக அள்ளினால் கொழுப்பு, அடியில் அள்ளினால் மசாலா. அதே 80 மில்லி கரண்டி, இரண்டு தட்டில் இரண்டு கணக்கு. ஒவ்வொரு முறையும் அடிவரை கிளறிவிட்டு அள்ள வேண்டும். மதிய நெரிசலில் முதலில் விட்டுப்போவது இதுதான்.

சோற்றில் தவறு தாளிலேயே நடக்கும். அரிசி 100 கிராமில் சுமார் 360 கலோரி, வெந்த சோறு 100 கிராமில் சுமார் 130. தட்டில் வைத்த 200 கிராம் சோற்றைக் கலோரி அட்டவணையில் வேகாத அரிசியின் வரிசையில் பதிந்தால் 260 என்பது 720 ஆகிவிடும். தேங்காய்ப்பால் சோறு என்றால், பானையில் போட்ட எல்லாவற்றையும் கூட்டி, வெந்த மொத்த எடையால் வகுப்பதே சரி.

பொரித்த கோழியைக் கணக்கால் மட்டும் பிடிக்க முடியாது. சட்டியில் குறைந்த எண்ணெயை நிறுத்துக் கழித்தால், கோழித் தோலின் கொழுப்பு உருகி எண்ணெயில் கலந்தது கணக்கைக் கெடுக்கும். மாவுத்துகள் குடித்ததும் அப்படியே. மற்றதைக் கணக்கிட்டாலும் இதை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புங்கள். செலவைப் பார்த்து இதைத் தவிர்க்கும் கடைகள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. 2023 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. நம் இந்தியர்களிடையே இன்னும் அதிகம். பலகையில் உள்ள கலோரி எண்ணைப் பார்த்துத்தான் ஒருவர் சாப்பாட்டைத் தேர்ந்தெடுக்கிறார்.

பல பதார்த்தங்களைச் சேர்த்து ஒரே விலைக்குத் தரும் ‘காம்போ’ உணவுக்கு “300 முதல் 900 வரை” என்று கலோரி போடுவதை விதி அனுமதிக்கலாம், வாடிக்கையாளருக்கு அதனால் பயன் குறைவு. சோறு, கறி, பானம் என்று பிரித்துப் போடுங்கள்.

தேங்காய்ப்பாலின் பிராண்டோ கோழித் துண்டின் அளவோ மாறினால், சரக்கு இறக்கும் அன்றே செய்முறை அட்டையைத் திருத்தித் தேதி போட்டு, தலைமையகத்துக்கும் தெரிவித்துவிடுங்கள்.