முடிசாய்ந்த மன்னர் சன்னிதியில்

சேலத்துக்குச் சாமி கும்பிட வருகிறவர்கள் பெரும்பாலும் கோட்டை மாரியம்மனையும் சுகவனேஸ்வரரையும் பார்த்துவிட்டு ஏற்காட்டுக்கு வண்டி ஏறிவிடுகிறார்கள். கொண்டலாம்பட்டி தாண்டி கோயமுத்தூர் ரோட்டில் கொஞ்ச தூரம் போனால் உத்தமசோழபுரம். அங்கே திருமணிமுத்தாற்றங்கரையில் கரபுரநாதர் இருக்கிறார், அம்பாள் பெரியநாயகி. சொந்தத்திலோ தொழிலிலோ ஒருவரோடு முகம் கொடுத்துப் பேச முடியாமல் இருப்பவர்கள் இந்தக் கோயிலுக்கு அவசியம் வர வேண்டும் என்று நான் மனசார நம்புகிறேன்.

ஆற்றைப் பார்த்தால்தான் நெஞ்சு வலிக்கும். சேர்வராயன் மலையில் பிறந்து வருகிற தண்ணீர், சேலம் நகரத்தைத் தாண்டுவதற்குள் சாக்கடையாகிவிடுகிறது. கோயிலுக்குள் நுழைந்ததும் அந்த வாடை மறந்து வில்வமும் விபூதியும் மணக்கும்.

இராமாயணத்தில் வரும் கரன் பூஜித்த சிவன் என்பதால் கரபுரநாதர் என்கிறது தலபுராணம். ஊர் ஜனங்களுக்கு அவர் முடிசாய்ந்த மன்னர். லிங்கம் நேராக நிற்காது, ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். பூஜை செய்ய வந்த குணசீலன் என்ற சிறுவனுக்கு மாலை சாத்த எட்டவில்லை. பையன் தவித்து நின்றதைப் பார்த்து சுவாமியே தலையைச் சாய்த்து மாலையை வாங்கிக்கொண்டாராம். அப்புறம் நிமிரவே இல்லை. தீபாராதனை வெளிச்சத்தில் அந்தச் சாய்வைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

இன்னொரு கதையும் இந்த ஊருக்கு உண்டு. பாரியின் மகள்கள் அங்கவைக்கும் சங்கவைக்கும் ஔவையார் கல்யாணம் செய்து வைத்தது இங்கேதான் என்றும், சேர சோழ பாண்டியர் மூவரும் வந்து நின்று நடத்திக் கொடுத்தார்கள் என்றும் சொல்வார்கள். புறநானூற்றில் அந்தப் பெண்களைக் கட்டிக்கொள்ளச் சொல்லி விச்சிக்கோன், இருங்கோவேள் என்ற சிற்றரசர்களிடம் போய்க் கேட்டவர் பாரியின் நண்பர் கபிலர். ஔவை நடத்திய கல்யாணம் பின்னால் வந்த கதைதான். ஆனால் அந்தக் கதையைச் சொன்னவர்களின் மனசு எனக்குப் புரிகிறது. பாரியின் பறம்பு மலையை முற்றுகையிட்ட அதே மூன்று பேரை, அவன் பெண்கள் கழுத்தில் தாலி ஏறும் இடத்துக்கு ஔவை கூப்பிட்டிருக்கிறாள். தங்களுக்குள்ளேயே ஓயாமல் சண்டை போட்ட மூவேந்தர் ஒன்றாக உட்கார்ந்திருந்ததைச் சங்க கால ஔவை ஒருத்தி பாடியும் இருக்கிறாள். வானத்து மீனையும் மழைத்துளியையும் விட உங்கள் நாட்கள் பெருகட்டும் என்று மூவரையும் சேர்த்தே வாழ்த்துகிறாள். பகையாளிகளைக் கூப்பிட்டு உட்கார வைக்க நடுவில் ஒரு ஆள் வேண்டியிருக்கிறது.

எங்கள் வீட்டில் அந்த ஆள் அம்மா. அப்பாவும் மாமாவும், அதாவது அம்மாவின் தம்பியும், ஒரே பட்டறையில் வெள்ளிக் கொலுசு செய்தவர்கள். சேதாரக் கணக்கில் கொஞ்சம் வெள்ளி இடித்தது. ஒருவர் மேல் ஒருவருக்குச் சந்தேகம். பட்டறை இரண்டானது. அப்புறம் ஒரே கடைக்காரர்களிடம் போய், அவர் கூலியை இவர் குறைப்பதும் இவர் கூலியை அவர் குறைப்பதுமாக இரண்டு பேரும் நஷ்டப்பட்டார்கள். ஒரு விசேஷத்துக்கு ஒருவர் வந்தால் மற்றவர் வரமாட்டார்.

போன சனிப் பிரதோஷத்துக்கு அம்மா இருவரையும் கரபுரநாதர் கோயிலுக்குக் கூப்பிட்டாள். "அவனும் வர்றான்" என்று அப்பாவிடமும், "அவரும் வர்றார்" என்று தம்பியிடமும் ஒளிக்காமல் சொல்லியே கூப்பிட்டாள். நந்திக்கு அபிஷேகம் நடக்கும்போது அப்பா இந்தப் பக்கம், மாமா அந்தப் பக்கம். நடுவில் நந்தி மேல் பாலும் தயிரும் இளநீரும் வழிகிறது. இருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. எனக்குச் சாமி கும்பிடவே ஓடவில்லை.

பிரகாரத்தில் சுண்டல் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். மாமாவின் பேத்தி ஓடி விளையாடியதில் கொலுசுச் சலங்கை ஒன்று அறுந்து அப்பா காலடியில் உருண்டது. அப்பா எடுத்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். பிள்ளையைக் கூப்பிட்டு, குந்தி உட்கார்ந்து, கொலுசைக் கழற்றினார். அறுந்த இடத்தை நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு, "பத்தவச்சது சரியாப் பிடிக்கல மாப்ள" என்றார்.

எனக்குப் பகீர் என்றது. கோபித்துக்கொண்டு போக மாமாவுக்கு அந்த ஒரு வார்த்தை போதும். மாமா சுண்டல் தொன்னையைக் கீழே வைத்தார். "அவசரத்துல பண்ணது மாமா. உங்க கை மாதிரி எனக்கு வராது. நீங்களே பத்தவச்சுக் குடுங்க." அப்பா பதில் சொல்லவில்லை. கொலுசைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அம்மா சன்னிதிப் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள்.

பட்டறை மறுபடி ஒன்றாகவில்லை, ஆகவும் ஆகாது. பழைய கணக்கை யாரும் எடுக்கவில்லை. கொலுசு மறுநாளே சரியாகி மாமா வீட்டுக்குப் போனது. மாமாவுக்கு வேலை குவிந்தால் பற்றவைப்பு மட்டும் அப்பாவிடம் வருகிறது. போன வாரம் ஒரு கடைக்காரர் மாமா பேரைச் சொல்லிக் கூலியைக் குறைக்கப் பார்த்தார். அப்பா போனை எடுத்து, "இருங்க, மாப்ளகிட்டயே கேட்டுடுவோம்" என்றார். கடைக்காரர் பழைய கூலிக்கே ஒத்துக்கொண்டார்.