அக்காவின் களித் துடுப்பு

அக்கா களி கிண்டுவதற்குத் துடுப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். துடுப்போ கூடத்தில் என் கையில் இருந்தது. கவிழ்த்துவைத்த அன்னக்கூடையின் முதுகில் அதை நிமிர்த்திப் பிடிக்கச் சொல்லியிருந்தான் அவள் மகன். அன்னக்கூடைதான் படகு. துடுப்பு, படகின் அடியில் தொங்கும் கீல் (keel) என்ற தடுப்புப் பலகை. சற்றுப் பின்னால் அவன் பிடித்திருந்த தோசைத் திருப்பி, சுக்கான்.

என் மருமகனான அவனுக்கு வேலை அமெரிக்காவில், மெய்ன் மாநிலத்தில். நண்பர்களோடு பங்கு போட்டுப் பழைய பாய்மரப் படகு ஒன்று வாங்கியிருக்கிறான். குளிர்காலத்துக்குப் படகைக் கரையேற்றிவிட்டுப் பொங்கலுக்கு வந்தவன், தருமபுரியில் இறங்கிய நாள்முதல் லாப்ஸ்டர் என்கிற சிங்கி இறாலைப் பிடிக்கும் கூண்டுகளைப் பற்றியே பேசினான். கடலடியில் கூண்டு, அதிலிருந்து எழும் கயிறு, கயிற்று நுனியில் மிதவை. ஒவ்வொரு மீனவருக்கும் தனி வண்ணம். ஒருவர் 800 கூண்டுகள்வரை போடலாமாம்.

"கயிறு இந்த இடைவெளியில்தான் வந்து உட்காரும் மாமா" என்று அக்காவின் தையல் நூலைக் குறுக்கே இழுத்தான். நூலும் சொன்னபடி உட்கார்ந்தது. அறுத்துவிடலாமே என்றேன். நான் ஏதோ கொலைக்கு யோசனை சொன்னதுபோல் பார்த்தான். அடுத்தவர் கூண்டுக் கயிற்றை அறுப்பது அங்கே குற்றம். கயிறு மாட்டும்போது எஞ்சின் ஓடினால் உடனே நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் விசிறி கயிற்றைச் சுருட்டிக்கொள்ளும். பாயைத் தளர்த்தி வேகத்தைக் குறைத்து, கழியால் கயிற்றை ஆழத்துக்குத் தள்ளி நழுவவிட வேண்டும். மாட்டாமலே இருக்க, கீலின் பின்முனையிலிருந்து சுக்கானைத் தாங்கும் தூணின் அடிவரை எஃகுக் கம்பியை விறைப்பாகக் கட்டிவிடலாம். கயிறு அதன்மேல் வழுக்கி அடியில் போய்விடும். அந்தக் கம்பியைக் காட்டச் செப்புக் கம்பி தேடிப் போனவன் திரும்புவதற்குள் அக்கா கீலைப் பிடுங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் ஒகேனக்கல். பரிசலில் உட்கார்ந்ததும் மீண்டும் ஆரம்பித்தான். துடுப்புப் போட்ட பெரியவர் பொறுமையாகக் கேட்டார். மூங்கில் பின்னல், மேலே பிளாஸ்டிக் விரிப்பு, தார்ப்பூச்சு. கீலும் இல்லை, சுக்கானும் இல்லை, மாட்டுவதற்கு ஒரு மூக்குகூட இல்லை. முறம்போல் தட்டையான அடி. காவிரியில் எத்தனை வலை விரித்தாலும் வழுக்கிக்கொண்டு போகும்.

"அடிப்பக்கத்தைப் பார்க்கிறேன்" என்று மருமகன் விளிம்பில் சாய்ந்தான்.

"ஒரே பக்கம் சாயக்கூடாது தம்பி."

தம்பி சாய்ந்தான். பரிசலும் அவன் பக்கம் சாய்ந்தது. நான் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டு, குலதெய்வத்தோடு அவசரமாக ஒரு பேச்சுவார்த்தை நடத்தினேன். திடீரெனப் பரிசல் நின்றது. பிறகு அவனை நடுவாக வைத்துச் செக்குபோல் சுற்றத் தொடங்கியது. பூட்டாமல் விட்ட அவனது லைஃப் ஜாக்கெட் வார் தண்ணீரில் தொங்கிக்கொண்டே வந்து, யாரோ போட்டிருந்த தூண்டில் நரம்பை அள்ளிக்கொண்டிருந்தது. நுனியில் தக்கையாகக் கட்டிய காலித் தண்ணீர் பாட்டில் அவன் மோவாயில் வந்து இடித்தது.

"தம்பி, பாயைத் தளர்த்த வேண்டுமா?" என்று பெரியவர் கேட்டார். குரலில் சிரிப்பே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மருமகன் பதில் சொல்லாமல் நரம்பைப் பல்லால் கடிக்கப் போனான். பாறைமேலிருந்து ஒரு குரல்: "டேய், அறுத்துவிடாதே!"

பல்லை எடுத்துக்கொண்டான். மெய்ன் மாநிலச் சட்டம் ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்ததில் கால் மணி நேரம் போயிற்று. அவிழ்த்து முடித்தபோது மறுமுனை துள்ளியது. நல்ல தடியான கெளுத்தி.

தூண்டிலுக்கு உரியவர் எங்களுக்கு முன்பே கரையில் காத்திருந்தார். நரம்பைச் சிக்கலாக்கியதற்கும் சேர்த்து விலை சொன்னார். நான் பேரம் பேசவில்லை. மூன்று பெண்கள் கைப்பேசியில் எங்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மீனை அங்கேயே மசாலா தடவி வறுத்து வாங்கினோம். பாதியை வாழையிலையில் கட்டி வீட்டுக்கும் எடுத்து வந்தோம்.

"ஏதடா மீன்?" என்றாள் அக்கா.

"மாமா ஆசைப்பட்டு வாங்கினார்" என்றான் மருமகன், மோவாயைத் தடவிக்கொண்டே.