தீவனச் சாக்கின் பின்னால் மூன்று முட்டைகள்

என் ஆறு விடைக்கோழிகளின், அதாவது இளம் பெட்டைகளின், 22ஆவது வாரத்தில் முதல் முட்டைகள் கிடைத்துவிட்டன. ஆனால் நான் மெனக்கெட்டு அடித்து வைத்த பெட்டிகளில் அல்ல, தீவனச் சாக்கின் பின்னால். முட்டையிடப் போவதன் அடையாளமாகக் கொண்டை சிவந்து, கையை நீட்டினாலே முதுகைத் தாழ்த்திப் பதுங்கத் தொடங்கிப் பத்து நாள்களாகியும் பெட்டிகள் காலியாகவே கிடக்க, ஒரு முற்பகலில் எழுந்த கொக்கரிப்புதான் அந்த மூலையைக் காட்டிக்கொடுத்தது. மூன்றும் சிறியவை; ஒன்றின் ஓட்டில் மெல்லிய இரத்தக் கீற்று. தொடக்க முட்டைகளில் இவை இயல்பே. எவை எப்போது இட்டவை என்று தெரியாததால் நீரில் போட்டுப் பார்த்தேன்; மூன்றும் அடியில் படுத்தே கிடந்தன, அதாவது புதியவைதாம்.

இனி என் பெட்டிக் கதை. நீளம், அகலம், உயரம் மூன்றும் 30 செ.மீ. கொண்ட இரண்டு பெட்டிகள் ஆறு கோழிகளுக்குத் தாராளம். ஆனால் கோழிகள் அவற்றில் உறங்கி, விடிவதற்குள் வைக்கோல் முழுவதையும் எச்சமாக்கின. அளந்து பார்த்த பிறகே என் மடமை விளங்கியது: உறங்கும் கழி தரையிலிருந்து 45 செ.மீ. உயரத்திலும், பெட்டியின் அடித்தளம் 60 செ.மீ. உயரத்திலும் இருந்தன. இருப்பவற்றுள் உயரமான இடத்தையே கோழி இரவுக்குத் தேடும் என்பதை அறிந்திருந்தும் கோட்டை விட்டேன். பெட்டியைக் கீழிறக்கிக் கழியை உயர்த்தியதும் உறக்கச் சிக்கல் இரண்டே இரவுகளில் தீர்ந்தது. முட்டைச் சிக்கல் தீரவில்லை.

பெட்டியின் வாய் கதவை நோக்கியிருந்ததால் காலை வெயில் நேராக உள்ளே விழுந்தது; முட்டையிடக் கோழி தேடுவதோ இருண்ட மறைவிடம். நடுவே கிழித்த சாக்குத்துணியைத் திரையாகத் தொங்கவிட்டேன். அதன் அசைவைக் கண்டு அவை மிரண்டதால், ஒரு பக்கத்தை மூன்று நாள்கள் தூக்கிக் கட்டி வைத்துப் பிறகே இறக்கினேன். இடும் இடம் இதுதான் என்று கோழிகளுக்குக் காட்ட, உள்ளே பெட்டிக்கு ஒன்றாக மர முட்டைகளையும் வைத்தேன். வைக்கோலைச் சீய்த்து வெளியே தள்ளும் தொல்லைக்கு, முன்பலகையை 8 செ.மீ.யிலிருந்து 15 செ.மீ.க்கு உயர்த்தியதுதான் மருந்தாயிற்று. ஐந்தாம் நாள் மர முட்டையின் அருகே, இன்னும் சூடு ஆறாத உண்மையான முட்டை ஒன்று இருந்தது. அன்று நான் கொக்கரித்ததைக் கோழிகளே வியந்திருக்கும்.

இடையில், முட்டை ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து தரும் கிளிஞ்சல் வாங்கியதிலும் ஒரு வருத்தம். பருக்கையாகக் கேட்டேன், விற்றவர் மாவாக அனுப்பிவிட்டார். ஓடு உருவாக ஏறத்தாழ 20 மணி நேரம் பிடிக்கிறது. அதில் பெரும்பகுதி கோழி தீவனம் எடுக்காத இரவில் கழிகிறது. பருக்கை இரைப்பையில் தங்கி மெல்லக் கரைந்து அந்நேரத்துக்கு உதவும்; மாவு விரைவில் கடந்துவிடும். வேறிடத்தில் பருக்கையாக வாங்கித் தனிக் கிண்ணத்தில் வைத்திருக்கிறேன். இன்னும் முட்டையிடாத கோழிக்கு மிகுந்த சுண்ணாம்புச் சத்து சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதால் தீவனத்தில் கலக்கவில்லை.

ஏதேனும் ஒன்று அடைக்கு அமர்ந்தால் 21 நாள் பொரிப்பையும் முயல ஆசை. சேவல் இல்லாததால் கருவுற்ற முட்டைகளை வெளியிலிருந்தே வாங்க வேண்டும். ஆனால் அதற்கு முன் தீர்க்க வேண்டிய கணக்கு ஒன்றுண்டு. ஐந்து கோழிகள் பெட்டிக்குப் பழகிவிட்டன. ஆறாவது, சாக்கை அகற்றிய பின்னும் அதே மூலையில் வெறுந்தரையில் இடுகிறது. மூன்றாவது பெட்டியை அந்த மூலையிலேயே தரையோடு வைக்கப் பலகை அறுத்துவிட்டேன்.