கரும்பாலைக்காரர் வீட்டில் சர்க்கரையில்லாத தேங்காய்ப்பால் ஐஸ்

எங்கள் மாமனார் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் கரும்பாலை ஓட்டியவர். கோபிசெட்டிபாளையத்துக்கும் கவுந்தப்பாடிக்கும் நடுவே உள்ள எங்கள் தோட்டத்தில் காய்ச்சிய நாட்டுச்சர்க்கரை, மூட்டை மூட்டையாகக் கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குப் போகும். பழனி கோயில் பஞ்சாமிர்தத்துக்கு அங்கே கொள்முதல் செய்வதால், தம் சர்க்கரையும் ஏதோ ஒரு டப்பாவில் மலையேறியிருக்கும் என்பது அவருடைய தீராத பெருமை. அப்படிப்பட்டவருக்கு எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். சித்திரை வெயிலில் பேரப்பிள்ளைகள் குச்சி ஐஸ் சப்பிக்கொண்டு திரியும்போது அவர் மட்டும் திண்ணையில் மோர்த் தம்ளரோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துத்தான் இந்த வேலையில் இறங்கினேன். சித்திரையில் தொடங்கி ஆனி பிறக்கும் வரை ஏழு முறை செய்து பார்த்து, அளவுகளையும் தவறுகளையும் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் குறித்து வைத்தேன்.

எதை அடிப்படையாகக் கொள்வது என்பது முதல் கேள்வி. பாலைச் சுண்டக் காய்ச்சிக் குல்ஃபியாகச் செய்யலாம் என்றுதான் எண்ணினேன். ஆனால் 100 மில்லி பாலில் ஏறத்தாழ 5 கிராம் பால்சர்க்கரை இயல்பாகவே இருக்கிறது. ஒரு லிட்டரை மூன்றில் ஒரு பங்காகச் சுண்டவைத்தால் நீர்தான் போகிறதே தவிர, அந்த 50 கிராமும் சட்டியிலேயே நிற்கிறது. சர்க்கரை சேர்க்காதது என்று எழுதி விற்கும் குல்ஃபியை நீரிழிவுக்காரர்கள் தயங்காமல் வாங்குவதைக் காணும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்குத்தான் நினைவுக்கு வருகிறது. தேங்காயோ எங்கள் வீட்டில் விலை கொடுத்து வாங்க வேண்டாத பொருள். 100 கிராம் தேங்காய்த் துருவலில், நார்ச்சத்தைக் கழித்துவிட்டால், மாவுச்சத்து 6 கிராம் அளவில்தான் இருக்கும். இரண்டு பெரிய காயில் கிடைத்த 400 கிராம் துருவலை வெந்நீர் விட்டு அரைத்துப் பிழிந்ததில் 600 மில்லி கெட்டிப்பால் வந்தது. துருவலில் உள்ளது முழுவதும் பாலில் இறங்கிவிட்டதாக வைத்துக்கொண்டாலும், ஆறு கிண்ணங்களாகப் பங்கிட்டால் கிண்ணத்துக்கு 4 கிராம்தான் சேரும். கொழுப்பு மிகுதி என்பதை மறைக்க வேண்டியதில்லை. கிண்ணம் சிறியதாக இருப்பதற்கு அதுவே காரணம்.

முதல் முறை இனிப்புக்குச் சீனித்துளசிச் சொட்டை மட்டும் நம்பினேன். அந்த இலையிலிருந்து பிரித்தெடுக்கும் இனிப்பு சர்க்கரையைப்போல் 200 முதல் 300 மடங்கு வலுவுள்ளது என்பதால், பன்னிரண்டு சொட்டே அதிகமாகிப்போய், நாக்கின் அடியில் அதிமதுரத்தைச் சப்பியதுபோல ஒரு கசப்பு தங்கியது. அதுகூடப் பரவாயில்லை. மறுநாள் சம்படத்தைக் கவிழ்த்துத் தட்டியும் ஐஸ் அசையவில்லை. மாமா கரண்டியால் இரண்டு குத்துக் குத்திப் பார்த்துவிட்டு, “இதுக்குக் கடப்பாரைதான் வேணுமாட்ட இருக்குது அம்மிணி” என்றார்.

சர்க்கரைக்கு ஐஸில் இரண்டு வேலை உண்டு என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இனிப்பது ஒன்று, நீர் முழுவதும் உறைந்து கல்லாகிவிடாமல் தடுப்பது மற்றொன்று. நீரில் எது கரைந்தாலும் அதன் உறைநிலை சுழியத்துக்குக் கீழே இறங்கும். எவ்வளவு இறங்கும் என்பது கரைந்த மூலக்கூறுகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. கிண்ணத்துக்கு இரண்டு சொட்டாக விழும் சீனித்துளசி நாக்கை ஏமாற்றலாம், நீரை ஏமாற்ற முடியாது. ஆகவே இனிப்பும் இருக்க வேண்டும், எடையும் இருக்க வேண்டும், இரத்தத்தில் சர்க்கரையாகவும் மாறக்கூடாது என்று தேடியதில் எரித்ரிட்டால் என்னும் மாற்று இனிப்புப் பொடி கிடைத்தது. இனிப்பு சர்க்கரையில் மூன்றில் இரண்டு பங்குதான். ஆனால் அதன் மூலக்கூறு எடை 122, சர்க்கரையினுடையது 342. ஒரே எடை போட்டால் எரித்ரிட்டாலில் மூலக்கூறுகள் மூன்று மடங்குக்குச் சற்றே குறைவாக இருக்கும், உறைநிலையும் அந்த அளவுக்குக் கூடுதலாக இறங்கும். கணக்கு இவ்வளவு அழகாக அமைந்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டாம் முறை 110 கிராம் கொட்டினேன்.

முதல் நாள் அது வெண்ணெயைப் போல வழித்தெடுக்க வந்தது. மூன்றாம் நாள் எடுத்தபோது பல்லில் நறநறவென்று மணல் கடித்தது. அடுத்து அடுத்துச் சாப்பிடும்போது வாய்க்குள் புதினா மென்றாற்போலச் சில்லென்ற ஒரு கூச்சமும் தெரிந்தது. எரித்ரிட்டால் கரையும்போது சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சிக்கொள்வதால் வருவது அது. மணலைத்தான் நான் பனிக்கட்டித் துகள் என்று நினைத்தேன். மாமா ஒரு விரல் நுனியில் கொஞ்சம் எடுத்து, கட்டைவிரலால் தேய்த்து, அது கரையும் வரை காத்திருந்து பார்த்தார். பாகுப் பதம் பார்க்கும் அதே விரல்கள். பனி என்றால் சூட்டில் போய்விட்டிருக்கும். விரலில் வெள்ளைக் குருணை அப்படியே நின்றது. “இது ஐஸு இல்லம்மிணி. சக்கரை மணி கட்டியிருக்குது. ஒரே சரக்காப் போட்டா ஒண்ணையொண்ணு தேடிப் புடிச்சுச் சேர்ந்துக்கும்” என்றார். பிறகு தம் அனுபவத்திலிருந்து ஒன்று சொன்னார்: வெட்டி இரண்டு மூன்று நாள் கிடந்த கரும்பை ஆட்டினால் பாகு எவ்வளவு காய்ச்சினாலும் மணி கட்டாது, பிசுபிசுவென்றே கிடக்கும், கடையில் அந்தச் சர்க்கரைக்கு விலை கிடையாது.

அவருக்கு நட்டத்தைத் தந்த அந்த விவரமே எனக்கு வழியாயிற்று. காய்ந்து கிடக்கும் கரும்பில் சுக்ரோஸ், அதாவது நாம் சாப்பிடும் சர்க்கரை, உடைந்து குளுக்கோஸும் ஃபிரக்டோஸுமாகப் பிரிகிறது; வகைவகையான மூலக்கூறுகள் கலந்துவிட்டால் எதுவும் ஒழுங்காக அடுக்கிக்கொண்டு படிகமாக முடிவதில்லை. எரித்ரிட்டாலுக்கு இயல்பிலேயே கரைதிறன் குறைவு. அறை வெப்பநிலையில் 100 கிராம் நீரில் சர்க்கரை 200 கிராம் வரை கரையுமிடத்தில் அது 60 கிராமளவிலேயே நின்றுவிடும், குளிரக் குளிர இன்னும் குறையும். ஆகவே மூன்றாம் முறையிலிருந்து அதை 45 கிராமாகக் குறைத்து, சைலிட்டால் என்னும் இன்னொரு மாற்று இனிப்பு 30 கிராமையும், மிச்ச இனிப்புக்கு நான்கே சொட்டுச் சீனித்துளசியையும் சேர்த்தேன். ஒரு வாரம் கழித்தும் மணல் தட்டவில்லை. சைலிட்டால் இரத்தச் சர்க்கரையைச் சிறிதளவு தொடும் என்பதால் அதையும் மாவுச்சத்துக் கணக்கில் எழுதிக்கொண்டேன். நாத்தனார் மகன் ஒரே மூச்சில் மூன்று கிண்ணம் தின்றுவிட்டு அன்று மாலை முழுவதும் கொல்லைப்புறத்துக்கு நடந்ததையும் நோட்டில் எழுதியிருக்கிறேன். அதைவிட முக்கியமானது, சைலிட்டால் நாய்களுக்கு நஞ்சு. எங்கள் வீட்டு நாய்க்கு மிச்சக் கிண்ணங்களை நக்கிப் பழக்கமுண்டு என்பதால், சாப்பிட்டவுடன் கிண்ணங்களைத் தண்ணீரில் போட்டுவிடுவது வீட்டில் சட்டமாகிவிட்டது.

தேங்காய்க் கொழுப்பு வேறொரு தொல்லை. தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும்; மார்கழிக் காலையில் எண்ணெய்க் கிண்ணத்தைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். குளிர்ந்த பாலை மிக்ஸியில் அடித்தால் கொழுப்புத் திரண்டு, சாப்பிடும்போது மேலண்ணத்தில் மெழுகு பூசியதுபோல ஒட்டுகிறது. இளஞ்சூடாக இருக்கும்போதே அடித்து, கால் டீஸ்பூன் குவார் கம் சேர்த்தால் சரியாகிவிடுகிறது. கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் மாவு அது; நேராகப் பாலில் தூவியபோது தவளை முட்டையைப் போல உருண்டைகள் மிதந்தன, எரித்ரிட்டால் பொடியோடு முதலில் கலந்து தூவியபோது சத்தமில்லாமல் கரைந்தது.

ஐஸ்கிரீம் இயந்திரம் வாங்க எனக்கு மனமில்லை. ஃப்ரீசரில் வைத்து முக்கால் மணிக்கொரு தரம் எடுத்துக் கிளறுவது என்பது புத்தகத்து யோசனை; மூன்று தரம் கிளறியதற்குமேல் யாரும் எழுந்து போவதில்லை என்பதே நடப்பு. ஐந்தாம் முறை பழைய வழிக்குப் போனேன். ஒரு தூக்குப்போசியில் குளிரவைத்த கலவையை ஊற்றி இறுக மூடி, பெரிய குண்டானில் வைத்து, சுற்றிலும் உடைத்த ஐஸ் ஆறு கிலோவும் கல்லுப்பு இரண்டு கிலோவும் அடுக்கடுக்காகப் போட்டேன். உப்பு கலந்த பனிக்கட்டி உருகும்போது தன் வெப்பநிலையைச் சுழியத்துக்குக் கீழே 20 டிகிரி வரை இழுத்துக்கொண்டு போகும். பிள்ளைகள் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து போசியின் கைப்பிடியைப் பிடித்து முன்னும் பின்னுமாகச் சுழற்ற, ஐந்து நிமிடத்துக்கொரு முறை மூடியைத் திறந்து ஓரத்தில் படிந்ததை மரக்கரண்டியால் நடுவுக்கு வழித்துவிட்டேன். பத்தாம் நிமிடம் போசியின் வெளிப்புறத்தில் வெள்ளையாகப் பனி பூத்தது. இருபத்தைந்தாம் நிமிடம் கரண்டி நட்டுக்கொண்டு நின்றது. விரைவாக உறைந்ததாலும் ஓயாமல் அசைந்ததாலும் படிகங்கள் பெரிதாக நேரமே இல்லை; ஃப்ரீசரில் செய்த எதுவும் இந்த வழவழப்பின் பக்கத்தில் வர முடியாது. மூடியின் ஓரத்தில் ஒரு சொட்டு உப்புநீர் இறங்கினாலும் மொத்தமும் பாழ் என்பதைச் சொல்லிவிட வேண்டும். முதல் போசி அப்படித்தான் போயிற்று.

ஆறாம் முறை நாமக்கல் முட்டையின் மஞ்சள் கரு மூன்றைச் சேர்த்துக் காய்ச்சிப் பார்த்தேன். நன்றாகவே வந்தது, ஆனால் அத்தை அந்தக் கிண்ணத்தை எடுக்கவே இல்லை என்பதால் அத்தோடு விட்டுவிட்டேன். இடையில் மோரில் இஞ்சி, கறிவேப்பிலை, உப்புச் சேர்த்துக் குச்சி அச்சில் ஊற்றியதும் உண்டு. எந்த இனிப்பும் தேவைப்படாத அது, வெயில் நேரத்தில் மற்றவற்றுக்கு முன்பே தீர்ந்துபோனது.

மாமாவின் சர்க்கரை அளவை வீட்டுக் கருவியில் பார்த்தோம். ஒரு கிண்ணம் சாப்பிடும் முன் 128, இரண்டு மணி நேரம் கழித்து 139. பொங்கலன்று ‘நாட்டுச்சர்க்கரைதானே, ஒன்றும் செய்யாது’ என்று ஒரு கிண்ணம் பாயசம் குடித்தபோது அது 250-ஐத் தாண்டியிருந்தது. நாட்டுச்சர்க்கரையும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான் என்பதை அவரிடம் சொல்ல இந்த வீட்டில் யாருக்கும் துணிவு கிடையாது. ஒரே ஆளிடம் ஓரிரு முறை பார்த்த எண்களை யாரும் அளவுகோலாகக் கொள்ள வேண்டாம். இந்த மாற்று இனிப்புகள் மீதும் எனக்கு முழு நம்பிக்கை இல்லை. அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் கிளினிக் மருத்துவமனை ஆய்வாளர்கள் 2023-இல் எரித்ரிட்டாலைப் பற்றியும் 2024-இல் சைலிட்டாலைப் பற்றியும் வெளியிட்ட ஆய்வுகளில், இவை இரத்தத்தில் மிகுந்திருந்தவர்களிடம் மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாகக் காணப்பட்டன. இவற்றால்தான் அவை வந்தன என்று அதைக்கொண்டு முடிவுகட்ட இயலாது என்றாலும், மாமாவின் மருத்துவரிடம் காட்டிவிட்டு, வாரத்துக்கு ஒரு கிண்ணம் என்று நிறுத்திக்கொண்டோம்.

எல்லாம் கூடிவந்த பிறகும் மாமா ஒன்றைக் குறையாகச் சொன்னார். “நல்லாத்தான் இருக்குது. ஆலைக் கொட்டாய் மணம் வரல பாரு.” தேங்காயைச் சிவக்க வறுத்துப் பார்த்தேன், சுக்கும் ஏலமும் தட்டிப் போட்டேன், பாகு காய்ச்சும் கொப்பரையிலிருந்து எழும் அந்தக் கருகலும் இனிப்பும் கலந்த வாசம் எதிலும் வரவில்லை. ஏழாம் முறை, சர்க்கரையில்லாதது என்ற பெயரையே விட்டுக்கொடுத்து, 6 கிராம் நாட்டுச்சர்க்கரையை மட்டும் இரும்புச் சட்டியில் உருக்கி, நிறம் இறங்கும் வரை விட்டுப் பாலில் கலந்தேன். கிண்ணத்துக்கு ஒரு கிராம் வரும். தராசுத் தட்டில் இருந்த அந்தச் சிட்டிகையை மாமா குனிந்து பார்த்தார். மூட்டைக் கணக்கில் எடை போட்டவர். “இத்தினியூண்டா?” என்று கேட்டுவிட்டு, போசியைச் சுழற்றத் தாமே ஒரு பக்கம் உட்கார்ந்துகொண்டார்.