ஒரே தண்ணீரில் நான்கு கால்கள்

27 பிப்ரவரி 2025, கோபிசெட்டிபாளையம்

ஃப்ரெட் ராஜர்ஸ் மறைந்து இன்றோடு 22 ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய பழைய புகைப்படங்கள் சிலவற்றை அச்சிட்டு, பிட்ஸ்பர்க்கிலிருந்து அண்ணன் மகள் அனுப்பியிருக்கிறாள். 1968இல் தொடங்கி 2001 வரை அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான அவருடைய குழந்தைகள் நிகழ்ச்சி அந்த நகரத்தில்தான் உருவானது. அண்ணன் வீட்டில் தங்கியிருந்த நாள்களில் பிள்ளைகளோடு உட்கார்ந்து அதைப் பார்த்திருக்கிறேன். ஒன்றாம் வகுப்பு ஆசிரியையான எனக்கு அவர் அன்றே ஆசான் ஆகிவிட்டார். முதல் படத்தில் அவர் அணிந்திருக்கும் ஸ்வெட்டர், அவருடைய தாயார் பின்னிக் கொடுத்தவற்றுள் ஒன்றாக இருக்கலாம். அவற்றுள் ஒரு சிவப்பு ஸ்வெட்டர் இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

2 மார்ச்

இன்று முழுவதும் ஒரே படத்தோடு இருந்தேன். அவருடைய நிகழ்ச்சியின் ஒரு காட்சி, ஆண்டு 1969. சிறிய பிளாஸ்டிக் தொட்டியில் ராஜர்ஸும், காவலர் வேடமிட்ட கறுப்பினப் பாடகர் ஃப்ரான்ஸ்வா கிளெமன்ஸும் கால்களை நனைத்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள். வெள்ளையர் நீந்தும் குளங்களில் கறுப்பின மக்களை இறங்கவிடாத வழக்கம், இனப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் வந்த பிறகும் அமெரிக்காவின் பல ஊர்களில் ஓயாதிருந்த காலம் அது. துண்டு கொண்டுவரவில்லையே என்று கிளெமன்ஸ் தயங்க, தம்முடைய துண்டையே பயன்படுத்திக்கொள்ளலாம் என்கிறார் ராஜர்ஸ்.

எந்தத் தோட்டத்துக் கிணற்றில் யார் இறங்கிக் குளிக்கலாம் என்பதைச் சாதி முடிவு செய்ததைப் பார்த்து வளர்ந்த எனக்கு, அந்தத் துண்டின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை. தீண்டாமை ஒரு பாவச்செயல் என்று பாடநூலில் அச்சிட்டிருந்ததை ஆண்டுதோறும் பிள்ளைகளை வாசிக்கச் செய்திருக்கிறேன், அது வேண்டியதுதான். ஆனால் ஐந்து வயதுக் குழந்தைக்கு அந்த வாசகத்தைவிட, ஒரே தண்ணீரில் இருக்கும் நான்கு கால்கள் விரைவாகப் புரியும் என்று உறுதியாக நம்புகிறேன். 1993இல் இருவரும் மீண்டும் அவ்வாறே அமர்ந்தபோது, கிளெமன்ஸின் பாதங்களை ராஜர்ஸ் தம் கையாலேயே துடைத்துவிட்டார்.

9 மார்ச்

அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டின் குழு முன் ராஜர்ஸ் அமர்ந்திருக்கும் படம், 1969 மே 1. பொதுத் தொலைக்காட்சிக்கான 2 கோடி டாலர் நிதியைக் குறைக்கவிருந்த வேளையில், கோபம் வந்தால் என்ன செய்வது என்று குழந்தைகளுக்காக எழுதிய பாடலின் வரிகளையே அவர் சொல்லிக்காட்டினார். கண்டிப்புக்குப் பேர்போன தலைவர் ஜான் பாஸ்டோர் மனம் இளகி, நிதி கிடைத்துவிட்டது என்றார்.

20 மார்ச்

அவர் பிறந்த நாள். 1928இல் லட்ரோப் என்னும் ஊரில் பிறந்தார். மீன்தொட்டியருகே அவர் நிற்கும் படத்தைப் பார்த்த பக்கத்து வீட்டுக் குழந்தை, “அந்தத் தாத்தா மீனுக்குத் தீனி போட்டுட்டாருங்களா, டீச்சர்?” என்று கேட்டாள். பார்வையற்ற சிறுமி ஒருத்தி இதே கவலையோடு கடிதம் எழுதியதால், நிகழ்ச்சியில் தீனி போடும்போதெல்லாம் அதை அவர் வாய்விட்டுச் சொல்லத் தொடங்கிய கதையை அவளுக்குச் சொன்னேன். நாளைக்குக் காட்டுவதற்கு, டேனியல் என்னும் புலிப் பொம்மையோடு அவர் இருக்கும் படத்தை எடுத்து வைத்திருக்கிறேன்.