நூற்று இருபது சுற்று பாக்கி

ஜூலை 8, திங்கள். கொழிஞ்சாம்பாறை

மழை இந்தப் பக்கம் சரியாக இறங்கவில்லை. தோப்புக்காரர்கள் மோட்டாரை நம்பித்தான் இருக்கிறார்கள், எரிந்த மோட்டாருக்குக் காயில் (ஒயர்ச் சுருள்) கட்டும் என் வேலைக்குக் குறைவில்லை.

சாயங்காலம் பத்தாவது படிக்கும் மகள் பள்ளியிலிருந்து ஒரு சட்டக் காந்தம் வாங்கி வந்தாள். "அப்பா, மின்காந்தத் தூண்டல் பாடம். செஞ்சு காட்டுங்க." பி.வி.சி. குழாய்த் துண்டில் மிச்ச ஒயரை 300 சுற்று சுற்றி, முள் வைத்த பழைய மல்டிமீட்டரில் மாட்டினேன். காந்தத்தை நுழைத்தால் முள் வலப்பக்கம் துள்ளியது. உருவினால் பூஜ்யத்துக்குக் கீழே போய் முட்டியது. வேகமாக நுழைத்தால் துள்ளலும் அதிகம். உள்ளேயே விட்டால் அசைவே இல்லை.

இருபத்திரண்டு வருடமாகக் காயில் கட்டுகிறேன். காந்தம் உள்ளே இருக்கும்வரை கொஞ்சமாவது மின்சாரம் வரும் என்றுதான் நினைத்திருந்தேன். அவளிடம் சொல்லவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

இந்தத் தூண்டலைக் கண்டுபிடித்த ஃபாரடே பற்றிப் படித்தேன். 1831 ஆகஸ்ட் 29. இரும்பு வளையத்தில் இரண்டு காயில். ஒன்றில் பேட்டரியை இணைக்கும்போதும் துண்டிக்கும்போதும் மட்டும் மற்றதன் பக்கம் முள் ஆடியது. இடையில் மின்சாரம் பாய்ந்துகொண்டே இருந்தும் ஆடவில்லை. அவருக்கும் நேற்றைய எங்கள் கதைதான்.

எனக்குப் பிடித்தது வேறு. அப்போது மேலே காப்புப் பூச்சு பூசிய எனாமல் ஒயர் ஏது? சுற்றுகள் ஒட்டாமலிருக்க நூல்கயிறும் காடாத் துணியும் வைத்துச் சுற்றியிருக்கிறார். கொல்லர் மகன், புத்தகம் பைண்டு செய்யப் பழகியவர். கைவேலை தெரிந்த ஆள்.

ஜூலை 11, வியாழன்

போர்வெல் மோட்டார் தகட்டில் வேகம் நிமிடத்துக்கு 2880 சுற்று என்று இருப்பதை மகள் பார்த்துவிட்டாள். "50 ஹெர்ட்ஸ், இரண்டு துருவம்னா 3000 வரணுமில்ல?"

காயில் உண்டாக்கும் காந்தப்புலம் வினாடிக்கு 50, அதாவது நிமிடத்துக்கு 3000 சுற்றுதான் சுற்றுகிறது. ஆனால் உள்ளே சுழலும் பாகமான ரோட்டாருக்கு வெளியிலிருந்து ஒரு ஒயரும் போவதில்லை. புலம் அதன் கம்பிகளை வெட்டிக்கொண்டு போவதால்தான் அதில் மின்சாரம் பிறக்கிறது. ரோட்டாரும் 3000-ஐ எட்டிவிட்டால் வெட்டுவதற்கு எதுவுமில்லை. குழாய்க்குள் அசையாமல் கிடந்த காந்தம் மாதிரிதான். மின்சாரம் போய், தள்ளும் விசையும் போய்விடும். அதனால் 120 சுற்று பின்தங்கியே ஓடுகிறது. இதற்கு 'ஸ்லிப்' என்று பெயர் என்பது தெரியும். ஏதோ தேய்மானக் கணக்கு என்று இத்தனை வருடம் விட்டிருந்தேன்!

ஜூலை 13, சனி

மதியம் ஒருவர் எரிந்த மோட்டாரோடு வந்தார். "ஏனுங்கண்ணா, போன மாசந்தான் கட்டுனது." பிரித்தால் பம்பில் மணல் இறுகி தண்டு சுற்றவே இல்லை. ரோட்டார் நின்றுபோனால் புலம் அதை முழு வேகத்தில் வெட்டும். ரோட்டாரில் ஏகப்பட்ட மின்சாரம் தூண்டப்பட, வெளிக்காயிலும் வழக்கத்தைவிட ஐந்தாறு மடங்கு இழுக்கும். மின்சாரம் அளவுக்கு மீறினால் இணைப்பை அறுக்கும் ஓவர்லோடு ரிலே துண்டித்திருக்க வேண்டும். அடிக்கடி விழுகிறதென்று அதை விட்டுவிட்டு நேராக இணைத்திருந்தாராம்.

காயிலில் சுற்றியிருந்த பாலி ஒயரின் பிளாஸ்டிக் தோல் உருகி ஒட்டிக் கிடந்தது. கடையில் அந்த அளவு ஒயர் இல்லை. திங்கட்கிழமை கோவைக்குப் போக வேண்டும்.