அன்னபூர்ணா சுற்றில் சாப்பாட்டுக்குப் பதில் கேப்சூல்

முதுகுப்பையோடு மலைக்குப் போகிறவர்களுக்கு ஏதாவது ஒரு கட்டத்தில் இந்த யோசனை வந்துவிடும். சாப்பாட்டை விட்டுவிட்டு சத்து கேப்சூல்களை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் என்ன? எடை குறையும், அடுப்பு வேண்டாம், வழியில் வயிறு கெடுமோ என்ற பயமும் இல்லை. நேபாளத்தில் அன்னபூர்ணா மலைத்தொடரைச் சுற்றி வரும் நடைப்பாதையான அன்னபூர்ணா சுற்றுக்கு எங்களோடு வந்த என் சித்தப்பா மகன் இதைச் செய்தே பார்த்தான். மலையேற்றத்துக்குக் கிளம்பும் பலர் என்னிடம் இதே கேள்வியைக் கேட்பதால், அங்கே என்ன நடந்தது, ஏன் அப்படி நடந்தது என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தம்பி உடற்பயிற்சிக் கூடமே கதி என்று இருப்பவன். ஊரிலிருந்தே பாட்டில் பாட்டிலாக வாங்கி வந்திருந்தான்: மல்டிவைட்டமின், இரும்புச்சத்து, துத்தநாகம், மீன் எண்ணெய், அமினோ அமிலம். காலையும் மதியமும் ஒரு கை நிறைய கேப்சூல், ராத்திரி மட்டும் சாப்பாடு, இதுதான் திட்டம். பெசிசஹாரிலிருந்து சாமே போகும் ஜீப்பில், ஒரு பக்கம் மலைச்சுவர், மறுபக்கம் எங்கோ அடியில் மர்ஸ்யாங்டி ஆறு என்று நாங்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, "அக்கா, இனிமே சமையலே தேவையில்ல, பாருங்க" என்று அவன் சொன்னதை அப்போதே மறுத்தேன். மறுத்தது கணக்கை வைத்துத்தான்.

கணக்கு ரொம்பச் சுலபம். ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி, மாவுச்சத்திலும் புரதத்திலும் 4 கலோரி. பத்துக் கிலோ பையோடு ஆறேழு மணி நேரம் மேடு ஏறும் ஒருவருக்கு நாளைக்கு 3000 கலோரியாவது வேண்டும், பலருக்கு அதற்கு மேலேயே. மனிதர்கள் விழுங்கும் கேப்சூல்களில் பெரியது 000 என்ற அளவு, அதில் கொள்வது 1.4 மில்லிக்கும் கொஞ்சம் குறைவு. முழுக்க எண்ணெயை நிரப்பினாலும் 11 கலோரி தேறும், அவ்வளவுதான். ஆக ஒரு நாளைக்கு 270 கேப்சூல்! மாவை நிரப்பினால் ஒன்றுக்கு 4 கலோரி வீதம் 750 போகும். தம்பி காலையில் விழுங்கிய கைப்பிடியில் இருந்த சக்தி இரண்டு மேரி பிஸ்கட்டுக்குச் சமம்.

கேப்சூலில் அடங்குவது எது, அடங்காதது எது என்று பார்த்தால் விஷயம் தெளிவாகிவிடும். பி12 நமக்கு மைக்ரோகிராம் கணக்கில்தான் வேண்டும், வைட்டமின் சி, இரும்பு எல்லாம் மில்லிகிராம் கணக்கு. அதனால் அவை ஒரு சின்ன குப்பிக்குள் சுகமாக உட்கார்ந்துவிடும். புரதம் ஐம்பது அறுபது கிராம், மாவுச்சத்து பல நூறு கிராம் வேண்டும், அதை எந்தத் தொழில்நுட்பத்தாலும் சுருக்க முடியாது, ஒரு கிராம் ஒரு கிராம்தான். 1894லேயே மார்செலின் பெர்த்தலோ என்ற பிரெஞ்சு வேதியியலாளர், 2000ஆம் ஆண்டில் மனிதர்கள் வில்லை விழுங்கித்தான் வாழ்வார்கள் என்று சொல்லியிருக்கிறார். அவர் சொன்ன வருடம் வந்து போய்விட்டது, கலோரிக் கணக்கு மட்டும் மாறவே இல்லை.

சரி, மலைக்கு வருவோம். மேல் பிசாங்கிலிருந்து கியாரு போகும் பாதை இந்தச் சுற்றிலேயே காலைச் சோதிக்கும் ஏற்றங்களில் ஒன்று. சுமார் 3300 மீட்டரிலிருந்து 3670 மீட்டருக்கு வளைந்து வளைந்து ஏறுகிறது, எதிரே அன்னபூர்ணா இரண்டாம் சிகரம் முழுசாகத் தெரியும், நின்று நின்று பார்க்கத் தோன்றும். தம்பி பார்க்கவில்லை. பாதி ஏற்றத்திலேயே கல்மேல் உட்கார்ந்துவிட்டான், குமட்டல், தலைவலி, கை லேசாக நடுங்குகிறது, கால் வரவில்லை என்கிறான்.

எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது அந்த இடத்தில்தான். குமட்டல், தலைவலி, அசதி, பசியின்மை எல்லாமே உயர மலை நோயின் (உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வருவது) முதல் அறிகுறிகள். அது அந்த நோயாக இருந்தால் மேலே ஒரு அடி வைக்கக்கூடாது, அதிகமானால் உடனே கீழே இறங்க வேண்டும். ஆனால் வெறும் வயிற்றில் இரும்பும் துத்தநாகமும் போட்டால் சமவெளியிலேயே பலருக்குக் குமட்டும், பட்டினியோடு ஏறினால் தலைவலியும் நடுக்கமும் வரும். எது எதனால் என்று பிரித்துச் சொல்ல எங்களில் யாராலும் முடியவில்லை. கேப்சூல் சாப்பாட்டில் எனக்குள்ள பெரிய ஆட்சேபணை இதுதான். பலவீனமாவது ஒரு பக்கம் என்றால், உடம்பு தரும் எச்சரிக்கையையே குழப்பிவிடுகிறது.

அவன் பையை நாங்கள் பங்கு போட்டுக்கொண்டு மெதுவாகக் கியாரு வரை கூட்டிப்போனோம். அங்கே ஒரு சின்னக் கடையில் இருந்த தீதி (அந்தப் பக்கம் பெண்களை அக்கா என்று இப்படித்தான் கூப்பிட வேண்டும்) அவன் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் சர்க்கரை தூக்கலாக டீ கொடுத்தார், அப்புறம் தோலோடு வேகவைத்த உருளைக்கிழங்கும் மிளகாய் உப்பும். ஒரு மணி நேரத்தில் தலைவலி போய்விட்டது. எழுந்து நடந்தான், நங்வால் வரை முன்னால் போனவனும் அவனே. கேப்சூல் பரிசோதனை அதோடு முடிந்தது.

மனாங்கில், சுமார் 3540 மீட்டரில், ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷன் நடத்தும் மருத்துவ முகாம் இருக்கிறது. பருவ காலத்தில் அங்கே உயர மலை நோய் பற்றி மருத்துவர்கள் பேசுவார்கள், அந்த வழியாகப் போகும் யாரும் அதைத் தவறவிடக்கூடாது. உடலில் தண்ணீர் போதுமா என்று அறிய சிறுநீரின் நிறத்தைப் பார்ப்பது மலையேறுகிறவர்களின் பழக்கம், வெளிறி இருந்தால் நல்லது, அடர் மஞ்சள் என்றால் தண்ணீர் போதவில்லை. மல்டிவைட்டமினில் உள்ள பி2 சிறுநீரைப் பளீரென்று மஞ்சளாக்கிவிடும், அந்த அடையாளமும் போச்சு. இன்னொன்று, வைட்டமின் ஏ, டி, இ, கே நான்கும் கொழுப்போடு போனால்தான் உடம்பில் சரியாகச் சேரும். சாப்பாடு இல்லாமல் விழுங்கினால் அவற்றில் நிறைய வீண்.

மலையில் சோற்றுக்குத் தனி நியாயமும் உண்டு. ஒரு லிட்டர் ஆக்சிஜனைச் செலவழித்து மாவுச்சத்தை எரித்தால் ஏறக்குறைய 5 கலோரி கிடைக்கும், கொழுப்பை எரித்தால் 4.7தான். காற்றே குறைவாக உள்ள இடத்தில் அந்தச் சின்ன வித்தியாசமும் உதவும். நேபாளிகளின் அன்றாடச் சாப்பாடான தால் பாத் தட்டைப் பாருங்கள்: குவித்த சோறு, தண்ணீராக ஊற்றிய பருப்பு, உருளைக்கிழங்குத் தர்காரி, கீரை, முள்ளங்கி அச்சார். மாவுச்சத்து, உப்பு, தண்ணீர், சூடு எல்லாம் ஒரே தட்டில், அதுவும் கேட்கக் கேட்கப் போடுவார்கள். "தால் பாத் பவர், 24 அவர்" என்று அங்கே டி-ஷர்ட்டிலேயே அச்சடித்து விற்கிறார்கள், நான் அதை முழுசாக நம்புகிறேன்.

தால் பாத்தைச் சாப்பிட வேறொரு காரணமும் இருக்கிறது. இந்த வழியில் உள்ள விடுதிகளில் அறை வாடகை மிகக் குறைவு, ராத்திரிச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் அங்கேயே சாப்பிடுவோம் என்ற நம்பிக்கையில்தான் அப்படிக் கொடுக்கிறார்கள். கோவேறு கழுதையிலும் ஜீப்பிலும் அரிசி வந்து சேரும் ஊர்கள் அவை. அங்கே படுத்துக்கொண்டு பையிலிருந்து கேப்சூலை எடுத்து விழுங்குவது நியாயமில்லை.

வைட்டமினே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் ஸ்கர்வி (வைட்டமின் சி குறைவால் வரும் நோய்) வந்த மாலுமிகளுக்கு ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்துப் பார்த்தார், குணமானார்கள். அந்த மாலுமிகளுக்கு பிஸ்கட்டும் உப்புக்கறியும் கிடைத்துக்கொண்டுதான் இருந்தன, இல்லாதது அந்தச் சிறு சத்து ஒன்றுதான். ஆனால் அது மாதக்கணக்கில் கடலில் இருந்தவர்களின் கதை. வைட்டமின் சி அறவே கிடைக்காவிட்டாலும் ஸ்கர்வி தலைகாட்ட ஒரு மாதத்துக்கு மேல் ஆகும், உடம்பில் சேர்த்து வைத்த சர்க்கரை இருப்போ ஒரு நாள் ஏற்றத்திலேயே தீர்ந்துவிடும். இரண்டு மூன்று வார நடையில் முதலில் தீர்வது சக்தி, கடைசியில் தீர்வது வைட்டமின். கேப்சூல் கடைசியில் தீர்வதை முதலில் கொடுக்கிறது. சைவம் சாப்பிடுகிறவர்கள் வழக்கமாக எடுக்கும் பி12ஐ நிறுத்த வேண்டாம், சாப்பாட்டோடு போட்டுக்கொள்ளுங்கள். வாங்கும் முன் கேப்சூல் உறை ஜெலட்டினா என்றும் பாருங்கள், அது மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ வருவது.

எடை குறைய வேண்டுமானால் மலைக்காரர்கள் வழி ஒன்று இருக்கிறது, சம்பா. வறுத்த பார்லி மாவு, ஏற்கெனவே வெந்தது, வெண்ணெய் டீயில் பிசைந்தால் சாப்பாடு தயார். நம் பொரிமாவும் சத்துமாவும் அதே வேலையைச் செய்யும், வெல்லமும் நெய்யும் சேர்த்துக்கொண்டால் போதும். விடுதியே இல்லாத பாதைக்குப் போகிறவர்கள் ஆளுக்கு நாளொன்றுக்கு 600 முதல் 800 கிராம் வரை உலர்ந்த உணவு என்று கணக்குப் போடுங்கள், கடலை, முந்திரி, பால் பவுடர், அவல் எல்லாம் அதில் சேர்த்தி. அதற்குக் கீழே இறங்காதீர்கள்.

இந்தச் சுற்றின் உயரமான கணவாயான தோரோங் லா ஏறும் நாளில் இதன் அருமை தெரிந்தது. 5416 மீட்டர், விடியும் முன்பே கிளம்ப வேண்டும், பசியே எடுக்காது, எதைப் பார்த்தாலும் வேண்டாம் என்று இருக்கும். கோவில்பட்டி கடலை மிட்டாயை உள்சட்டைப் பையில் உடம்போடு ஒட்டி வைத்திருந்தேன். அரை மணிக்கு ஒரு துண்டு, ஃபிளாஸ்க்கிலிருந்து ஒரு மடக்கு இனிப்பு டீ, விருப்பம் இருக்கிறதோ இல்லையோ. தம்பியும் அப்படியே ஏறினான்.

கணவாயைத் தாண்டி 1600 மீட்டர் இறங்கினால் முக்திநாத், நம்மவர்களுக்கு 108 திவ்ய தேசங்களில் ஒன்றான சாளக்கிராமம், திருமங்கையாழ்வார் பாடியது. தமிழ்நாட்டிலிருந்து வந்த பெரியவர்களை அங்கே பார்த்தேன், பெரும்பாலும் ஜோம்சோமிலிருந்து ஜீப்பில் வருகிறார்கள், கோயிலில் உள்ள 108 நீர்த்தாரைகளிலும் தலை நனைத்து சேவித்த பிறகுதான் சாப்பாடு என்று வெறும் வயிற்றோடு இருக்கிறார்கள். சுமார் 3800 மீட்டர் உயரம், நீர் பனிக்கட்டிக் குளிர். அம்மா அப்பாவை அங்கே கூட்டிப்போகிறவர்கள் தயவுசெய்து ஜோம்சோமில் ஒரு ராத்திரி தங்குங்கள், கோயில் படி ஏறும் முன் பாலோ சூடான சர்க்கரைத் தண்ணீரோ குடிக்க வையுங்கள், சர்க்கரை நோய்க்கு மருந்து எடுக்கிறவர்களாக இருந்தால் எதை எப்போது சாப்பிடுவது என்று ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டுவிட்டு வாருங்கள்.